எத்தனை மில்லிகிராம் என்பது பாதிக் கேள்விதான்: கீமோ மருந்து அளவு மீறுவது எப்படி?

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து. எலும்பில் வரும் ஆஸ்டியோசர்கோமா என்ற புற்றுநோய்க்கு இதைத் தரும்போது, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம் என்று கணக்குப் போடுவார்கள். ஒன்றரை சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பையனுக்கு 18 கிராம், அதாவது 18,000 மில்லிகிராம், நான்கு மணி நேரத்தில் டிரிப்ஸில் ஏறிவிடும். சில நாள் வார்டில் இருந்துவிட்டு அவன் வீட்டுக்குப் போவான்.

இதே மருந்தை முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை 10 மில்லிகிராம் போல மாத்திரையாகத் தருகிறார்கள். தினமும் சாப்பிட வேண்டியது என்று நினைத்து ஒரு பாட்டி அதை ஒரு வாரம் விழுங்கினால் மொத்தம் 70 மில்லிகிராம்தான் உள்ளே போயிருக்கும். ஆனால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, அவர் ஐசியூவில் கிடக்கலாம். உயிரே போனதும் உண்டு.

18,000 தாங்குகிறது, 70 கொல்கிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் கீமோ மருந்தில் அளவு மீறுவது என்றால் என்ன என்பதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

மெத்தோட்ரெக்சேட் செய்வது இதுதான்: புதிய செல் உருவாக டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏ செய்ய ஃபோலேட் என்ற விட்டமின் வேண்டும். அந்த ஃபோலேட்டைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை இது அடைத்துவிடுகிறது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும். புற்றுநோய்ச் செல் அப்படிப் பெருகுவது. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும், வாய், குடல் இவற்றின் உள் சவ்வும்கூட அப்படித்தான். பையனுக்கு மருந்து ஆரம்பித்து 24 மணி நேரம் ஆனதும் ஃபோலினிக் ஆசிட் என்ற மீட்பு மருந்தைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அது அடைபட்ட நொதியைச் சுற்றிக்கொண்டு போய்ச் செல்லுக்கு வேண்டிய ஃபோலேட்டைச் சேர்த்துவிடும். கூடவே லிட்டர் லிட்டராக நீர் ஏற்றுவார்கள். அமிலச் சிறுநீரில் மருந்து படிகமாகி சிறுநீரகத்தை அடைக்கும் என்பதால் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரைக் காரமாக வைப்பார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தினமும் அளப்பார்கள். ஆக, மஜ்ஜை அவ்வளவு பெரிய அளவைப் பார்த்தாலும் பார்ப்பது ஒரு நாள் சொச்சம்தான். பாட்டியின் மஜ்ஜைக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை. சின்ன அளவுதான், ஆனால் கதவு தினமும் அடைத்தே கிடந்தது.

ஒரு சின்ன விலகல். மெத்தோட்ரெக்சேட் வந்தது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் வேலை பார்த்த குழுவிலிருந்து. அவர் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். அந்தக் குழு செய்த அமினோப்டெரின் என்ற உறவு மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். இன்றைய கீமோதெரபியின் தொடக்கங்களில் அது ஒன்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். தலைவலி மாத்திரை ஒன்றுக்கு இரண்டு போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வேலை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. கீமோவில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. சரியான அளவிலேயே முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைகிறது. உடம்பு தாங்கும் எல்லை வரை கொண்டுபோய் நிறுத்துவதுதான் சிகிச்சையே. அதனால்தான் ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு. உயரத்தை சென்டிமீட்டரிலும் எடையை கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு வரும். 160 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் 1.63 சதுர மீட்டர். சிகிச்சை நடுவில் ஆள் பத்து கிலோ இளைத்துவிட்டால் பழைய கணக்கு செல்லாது. ஒவ்வொரு முறையும் எடை மிஷினில் ஏறச் சொல்வது சடங்குக்காக இல்லை.

ஆனால் அளவு மீறிய சம்பவங்களைப் படித்துக்கொண்டே போனால், இந்தக் கடினமான கணக்கில் இடறியதைவிட எளிதான ஒன்றில் இடறியதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. எழுதியிருக்கும் எண் சரி. அந்த எண் ஒரு மணி நேரத்துக்கா, ஒரு நாளுக்கா, ஒரு வாரத்துக்கா, சைக்கிள் எனும் முழுச் சிகிச்சைச் சுற்றுக்குமா என்பதில்தான் குழப்பம்.

பாஸ்டன், 1994

பெட்சி லேமன் 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் உடல்நலம் பற்றி எழுதியவர். வயது 39. மார்பகப் புற்றுநோய்க்காக டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தார். மேலே சொன்ன அதே ஃபார்பர் தொடங்கிய இடம். உலகின் பெயர்பெற்ற புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்று. சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தை மிக உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிச் சிகிச்சை அது. சதுர மீட்டருக்கு 4 கிராம், நான்கு நாட்களில் என்று சீட்டில் இருந்தது. நாளுக்கு ஒரு கிராம் வீதம் நான்கு நாள் என்பது பொருள். நாளுக்கு நான்கு கிராம் வீதம் நான்கு நாள் என்று புரிந்துகொண்டு கொடுத்துவிட்டார்கள். நான்கு மடங்கு.

டிசம்பர் 3 அன்று அவர் இறந்தார். இதயம் சேதமாகியிருந்தது. அதே சிகிச்சையில் இருந்த இன்னொரு பெண்ணுக்கும் இதே தவறு நடந்து, அவர் இதய பாதிப்போடு பிழைத்தார். தவறு வெளியே தெரிந்தது 1995 பிப்ரவரியில், அதுவும் ஆராய்ச்சித் தரவுகளைச் சரிபார்க்கும்போது.

எனக்கு இதில் உறைப்பது அந்த இரண்டு மாதம். ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? உயர் அளவுச் சிகிச்சை என்பதால் நோயாளி மோசமாகத்தான் இருப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தே இருந்தார்கள். மருந்தின் வழக்கமான கொடுமையும் தவறின் கொடுமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான். கீமோவில் இது எப்போதும் இருக்கும் ஆபத்து. 'கீமோன்னா அப்படித்தான் இருக்கும்' என்ற ஆறுதல் வார்த்தை பல நேரம் சரி. சில நேரம் அந்த வார்த்தைக்குள்தான் தவறு ஒளிந்துகொள்கிறது.

அதற்குப் பிறகு அந்த மருத்துவமனை கணினியில் மருந்து எழுதும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு மருந்துக்கு உச்ச அளவு தாண்டினால் கணினி மேலே போக விடாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நோயாளிப் பாதுகாப்புக்கான அரசு மையம் ஒன்று இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

எட்மன்டன், 2006

கனடாவில் ஒரு புற்றுநோய் மையம். 43 வயதுப் பெண்ணுக்கு ஃப்ளோரோயுராசில், சுருக்கமாக 5-எஃப்யூ. இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய சின்ன பம்பில் நான்கு நாள் மெதுவாக ஏற வேண்டிய மருந்து. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மொத்த அளவு 5,250 மி.கி. ஒரு மில்லியில் 45.57 மி.கி. மருந்து. வகுத்தால் 115.2 மில்லி. நான்கு நாளால் வகுத்தால் நாளுக்கு 28.8. அதை இன்னொரு முறை 24-ஆல் வகுத்தால்தான் மணிக்கு 1.2 மில்லி. அந்தக் கடைசி வகுத்தல் விட்டுப்போனது. பம்பில் மணிக்கு 28.8 என்று பதிவானது. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பெண் மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 22-ல் இறந்தார்.

இரண்டாவது செவிலியர் ஒருவர் சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சரிபார்த்தார். அவருக்கும் 28.8 தான் வந்தது. மருந்துப் பையின் லேபிளைப் பார்த்தார்கள். அதில் 24 மணி நேரத்துக்கு 28.8, மணிக்கு 1.2 என்று இரண்டு எண்ணுமே அச்சாகியிருந்தன. தேடிய 28.8 லேபிளில் இருந்தது. மனசு திருப்தியாகிவிட்டது. நாம் போட்ட விடையை உறுதி செய்யும் எண்ணைத்தான் கண் தேடும். பக்கத்தில் இருக்கும் எண் கண்ணில் விழாது.

பிறகு இதை ஆராய்ந்த ஐஎஸ்எம்பி கனடா என்ற மருந்துப் பாதுகாப்பு அமைப்பு, தனிநபர்களைத் திட்டுவதற்குப் பதிலாக லேபிளையும் பம்பையும் முறையையும் நோண்டியது. அதுதான் சரி என்பேன். களைத்துப்போன ஒருவரை 'கவனமா இருங்க' என்று சொல்வதால் எதுவும் மாறாது. லேபிளில் பம்பில் பதிய வேண்டிய ஒரே எண்ணை மட்டும் அச்சிட்டால் மாறும். எண் எதுவும் பதியவே தேவையில்லாத பலூன் பம்புகளும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ரப்பர் பலூன் சுருங்கச் சுருங்க மருந்து போகும், வேகத்தை வடிவமைப்பிலேயே கட்டிப்போட்டிருப்பார்கள். குடல் புற்றுநோய்க்கு 46 மணி நேர 5-எஃப்யூ வாங்கியவர்கள் இதைக் கழுத்தில் தொங்கும் பையில் பார்த்திருப்பார்கள். அதிலும் ஒரு கண் வைக்கலாம்: இன்று மதியம் மாட்டிய பலூன் இன்று இரவே தட்டையாகிவிட்டால் 'சீக்கிரம் முடிஞ்சிடுச்சு' என்று சந்தோஷப்படாமல் உடனே போன் செய்ய வேண்டும்.

சரிபார்ப்பு என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு இல்லை. முதல் ஆளின் விடை தெரியாமல், மருத்துவரின் மூலச் சீட்டிலிருந்து, இரண்டாம் ஆள் புதிதாகக் கணக்கிட்டு, பிறகு இரண்டு விடையையும் ஒப்பிட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான்.

நேரக் குழப்பம் தவிர வேறு வழிகளும் உண்டு. 1.0 என்று எழுதிய புள்ளி மங்கி 10 ஆகிவிடும். அதனால் முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் போடக்கூடாது, 0.5 என்பதில் முன் பூஜ்யத்தை விடக்கூடாது. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் என்று காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மருந்துகளின் அளவுகள் வெகுவாக வேறுபடும். வின்கிரிஸ்டின் இன்னும் கொடியது. ரத்தக் குழாயில் போக வேண்டிய அது முதுகுத்தண்டு நீரில் போனால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான், அதை முறிக்கும் மருந்து கிடையாது. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் வைக்காதீர்கள், சின்ன டிரிப்ஸ் பையில் கலந்து வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எச்சரித்தது. பையை யாரும் முதுகில் குத்தப் போவதில்லை.

இன்னொரு வகை கொஞ்சம் வினோதமானது. சீட்டும் சரி, கணக்கும் சரி, பம்பும் சரி; ஆனாலும் அளவு மீறிவிடும். உடம்புக்குள் போன 5-எஃப்யூவில் 80 சதவீதத்துக்கு மேல் டிபிடி என்ற நொதி உடைத்துத் தள்ளுகிறது. சிலருக்குப் பிறப்பிலேயே அந்த நொதி குறைவு, அபூர்வமாக அறவே இல்லை. அவர்களுக்குச் சரியான அளவே அதிக அளவு. இந்த மருந்தையோ இதன் மாத்திரை வடிவமான கேபசிடபினையோ தொடங்கும் முன் டிபிடி சோதனை செய்யுங்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் பரிந்துரைத்தது. சிறுநீரகம் மந்தமானவருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் இப்படித்தான், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அந்த மருந்தில் இருப்பவர் மூட்டு வலிக்கு என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல் எழுதும் வேறொரு மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடுவதும் விபரீதம்.

வீட்டில் நடப்பது

மருத்துவமனைக்குள் நான்கு பேர் பார்க்கிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டால் பார்ப்பது ஒருவர்தான், அதுவும் கண்ணாடி போடாமல்.

நம் ஊர்ச் சீட்டில் 1-0-1 என்று எழுதுவார்கள்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. கடைக்காரர் அதைக் காகிதக் கவரின் மேல் காலை, மதியம், இரவு என்று குறித்துத் தருவார். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு அருமையான முறை. ஆனால் அந்த மூன்று கட்டத்தில் வாரம் என்பதற்கு இடமே இல்லை. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டை அதில் எழுத முயன்றால் 1-0-0 என்று ஆகி, தினமும் காலை என்று பொருள் தந்துவிடும். போதாததற்கு இதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். இரண்டும் இடம் மாறினால் முடிந்தது கதை.

தடுக்கும் வழி செலவில்லாதது. கிழமையை எழுதச் சொல்லுங்கள். 'வாரம் ஒருமுறை, ஞாயிறு மட்டும்' என்று சீட்டிலும் கவரிலும் அட்டையின் பின்னாலும், தமிழில். எதற்கான மருந்து என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். பலகாரம் மாதிரி எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் வீடுகளில் இதை மட்டும் தனியாக வைக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மட்டுமல்ல. கேபசிடபின் பொதுவாக இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட வேண்டியது. விட மறந்து தொடர்பவர்கள் உண்டு. மூளைக் கட்டிக்குத் தரும் டெமோசோலமைடு பெரும்பாலும் 28 நாளில் ஐந்தே நாள். லோமுஸ்டின் ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு வேளை. இந்த மாத்திரைகளில் சாப்பிடாத நாட்களும் மருந்தின் பகுதிதான். காலண்டரில் சாப்பிடும் நாளைக் குறிப்பதைப் போலவே, சாப்பிடக் கூடாத நாளையும் அடித்து வைப்பது நல்லது.

டே கேர் வார்டில் டிரிப்ஸ் மாட்டும்போதும் கேட்க வெட்கப்பட வேண்டாம். 'சிஸ்டர், இன்னிக்கு என்ன மருந்து, எவ்வளவு நேரம் ஓடும், போன தடவை மாதிரியேதானா?' இவ்வளவு போதும். போன முறை மூன்று மணி நேரம் ஓடியது இந்த முறை அரை மணியில் முடிந்தால் கேளுங்கள். நல்ல செவிலியர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் ஒன்று: அன்றைக்கு ஆள் நன்றாக இருக்கிறார் என்பதை நம்பாதீர்கள். மஜ்ஜையில் அடி விழுந்தாலும், ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் சில நாள் ஓடும். கவுண்ட் அடியில் போய் நிற்பது பெரும்பாலும் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள். அதற்குள் மீட்பு மருந்துக்கான நேரம் கடந்துவிடும். 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

மீட்பு மருந்து சில கீமோ மருந்துகளுக்குத்தான் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஃபோலினிக் ஆசிட், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இதை வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபோலிக் ஆசிட் பயன்பட அந்த அடைபட்ட நொதியே வேண்டும், ஆகவே பத்து மாத்திரை போட்டாலும் மீட்பு நடக்காது. பல நாள் தினமும் விழுங்கியவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாகவே தெரியலாம், ஏனென்றால் மருந்து செல்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிட முடியாது. உயர் அளவு எடுத்து சிறுநீரகமும் நின்றுபோனவர்களுக்கு குளுகார்பிடேஸ் என்ற நொதி இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் மெத்தோட்ரெக்சேட்டை உடைத்துவிடும். அமெரிக்காவில் 2012-ல் அனுமதி கிடைத்தது. அது ஃபோலினிக் ஆசிட்டையும் உடைக்கும் என்பதால் இரண்டையும் இரண்டு மணி நேர இடைவெளியாவது விட்டுத்தான் கொடுப்பார்கள்.

5-எஃப்யூவுக்கு யுரிடின் டிரையசிடேட் என்ற தூள், உணவில் கலந்து ஆறு மணிக்கு ஒருமுறை, 20 வேளை. மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அமெரிக்க அனுமதி 2015 டிசம்பரில் வந்தது, எட்மன்டன் சம்பவத்துக்கு ஒன்பது ஆண்டு கழித்து.

மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேரடி மீட்பு மருந்து இல்லை. சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்கு மெஸ்னா கொடுப்பார்கள், அது காப்பது சிறுநீர்ப்பையை மட்டும், இதயத்தைக் காக்காது. சிஸ்பிளாட்டின் என்றால் நிறைய நீர் ஏற்றி சிறுநீரகத்தைக் காக்கப் பார்ப்பார்கள், சில சமயம் பிளாஸ்மாவை மாற்றுவார்கள். பொதுவாகச் செய்வது உடம்பு மீளும் வரை தாங்கிப் பிடிப்பதுதான்: வெள்ளணு ஏற ஃபில்கிராஸ்டிம் ஊசி, தட்டணு, ரத்தம் ஏற்றுதல், தனி அறை, ஆன்டிபயாடிக். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுப் படுக்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

கிளம்பும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எத்தனை குழி காலி என்பதை எண்ணித்தான் உள்ளே போன அளவை மருத்துவர் கணக்கிடுவார். கடைசி மாத்திரை எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அக்கம்பக்கத்து கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல் கீமோ கொடுத்த இடத்துக்கே போன் செய்யுங்கள். அது தூரம் என்றால், போகும் ஆஸ்பத்திரி எதுவானாலும் அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: 'வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டுவிட்டார்.' வெறும் வாய்ப்புண், காய்ச்சல் என்று சொன்னால் அந்தச் சீட்டு வேறு வரிசைக்குப் போய்விடும்.